சமூகச் சிலந்திகளின் உறவுநிலை ஆய்வுகள்: ஒரு மதிப்பீடு

சிலந்தி தனித்து வாழும் உயிரி என்பது யாவரும் கொண்டுள்ள கருத்தாகும். ஒரு வலையில் இரண்டை விட்டால் ஒன்று மற்றதை உண்டுவிடும் என்பதைச் சிறுவரும் அறிவர். இதுவரை விவரிக்கப்பட்டுள்ள ஏறத்தாழ 50,000 சிலந்தியினங்களை நோக்குமிடத்து இக்கருத்துப் பெரும்பாலும் பொருந்துவதே. எனினும் இருபது, இருபத்தைந்து இனங்கள் இவ்விதிக்கு விலக்காய் நிற்கின்றன. இவை நூற்றுக்கணக்காகவும், சிலவிடத்து ஆயிரக்கணக்காகவும் ஒரே கூட்டில் வாழ்ந்து, வலையைக் கூடி இழைத்து, இரையைக் கூடி வீழ்த்தி, பிறர் ஈன்ற குஞ்சுகளுக்கும் உணவூட்டுவன. இவற்றையே ஆய்வாளர் சமூகச் சிலந்திகள் என்பர். இவற்றின் உறவுநிலையையும் புணர்ச்சி முறையையும் பிறப்புரிமைச் சுட்டிகளைக் கொண்டு அறிய முற்பட்ட ஆய்வுகள் 1980களின் நடுப்பகுதி முதல் வெளிவந்து கொண்டிருக்கின்றன. அவ்வாய்வுகள் எதனை நிறுவின, எதனை நிறுவியதாக எண்ணப்படுகின்றன என்பவற்றைப் பிரித்து நோக்குவதே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

இப்பொருள் எமது மண்ணுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. இவ்வினங்களுள் ஒன்றான ஸ்ரெகோடிபஸ் சரசினோரம் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்த சுவிற்சர்லாந்து நாட்டவரான போல் சரசின், பிரிற்ஸ் சரசின் ஆகிய இருவரின் பெயராலேயே கார்ஷ் என்னும் ஜேர்மானியர் இதற்குப் பெயரிட்டார். இதன் வாழ்க்கை முறையை முதலில் விரிவாக எழுதியவருள் ஜம்புநாதன் என்பாரும் ஒருவர். அவரது கட்டுரை 1905இல் அமெரிக்காவின் சிமித்சோனியன் நிறுவன வெளியீடொன்றில் இடம்பெற்றது. எனவே கண்ணாற் கண்டறியத்தக்கவற்றுட் பல நூறாண்டுக்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்டன எனலாம். கண்ணாற் காணவியலாதது ஒன்றுண்டு. கூட்டினுள் யார் யாருக்கு என்ன உறவு என்பதே அது.

இவ்வினா ஏன் எழுந்தது என்பதை முதற்கண் கூறுதல் வேண்டும். 1964இல் ஹமில்ற்றன் வெளியிட்ட கொள்கையின்படி, ஓருயிர் பிறிதோருயிருக்கு உதவும் இயல்பு இயற்கைத் தேர்வில் நிலைபெறுவதற்கு அவ்விரண்டுக்குமிடையிலான பிறப்புரிமை உறவு இன்றியமையாத ஓர் உறுப்பாகும். தேனீக்களிலும் எறும்புகளிலும் ஆண் ஒற்றைத் தொகுதி நிறமூர்த்தங்களையே உடையதாகலின் சகோதரிகளிடையே உறவு முக்காற் பங்காக உயர்கிறது. இதனைக் காட்டிப் பலர் அவற்றின் சமூக வாழ்வை விளக்க முயன்றனர். சிலந்தியில் அவ்வசதி இல்லை. ஆணும் பெண்ணும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் நிறமூர்த்தங்களைப் பெறுவன. மலட்டு வேலையாட் குலமும் இவற்றிடையே கிடையாது. ஆதலின், கூட்டத்துள் மீண்டும் மீண்டும் நிகழும் உள்விருத்தியே உறவை உயர்த்திக் கூட்டுறவைத் தோற்றுவித்திருத்தல் வேண்டும் என்ற ஊகம் எழுந்தது. ஊகம் அழகியது. அழகிய ஊகங்களை ஐயுறுவது ஆய்வாளரின் கடன்.

முதற்கட்ட ஆய்வுகள் நொதியங்களைச் சுட்டியாகக் கொண்டன. சிலந்தியை அரைத்து, அச்சாற்றை மாப்பொருள் ஜெல்லில் இட்டு மின்னோட்டத்தைச் செலுத்தினால், நொதியங்கள் தத்தம் மின்னேற்றத்துக்கேற்ப வெவ்வேறு தூரம் நகரும். சாயமிட்டதும் பட்டைகளாய்த் தோன்றும். பட்டை வேறுபடின் எதிருரு வேறு என்பது துணிபு. லூபினும் குரோசியரும் 1985இல் பப்புவா நியூகினியிலுள்ள அக்கேயரானியா வாவு என்னும் இனத்தை இவ்வாறு ஆராய்ந்து, குடித்தொகைகள் ஒன்றிலிருந்தொன்று வேறுபட்டு நிற்பதைக் காட்டினர். அடுத்த ஆண்டில் டெபோரா சிமித் அமெரிக்க வெப்பவலயக் காடுகளில் வாழும் அனெலோசிமஸ் எக்சிமியஸ் பற்றியும், 1988இல் றூலொஃப்ஸ், றீச்சேற் என்போர் மேற்காபிரிக்க மழைக்காட்டின் அஜெலினா கொன்சோசியாற்றா பற்றியும் எழுதினர். 1994இல் சிமித்தும் எங்கலும் மேற்குறித்த சரசினோரத்தின் இந்தியக் குடித்தொகைகளை ஆராய்ந்தனர். நான்கு இடங்கள், மூன்று சிலந்திக் குடும்பங்கள். ஆயினும் வெளிப்பட்ட சித்திரம் பெரும்பாலும் ஒன்றே: கூட்டுக்குள் வேறுபாடு மிக அரிது, வேறுபாடு உள்ளவிடத்து அது கூடுகளிடையே அல்லது பிரதேசங்களிடையே காணப்படுவது.

ஒன்றுக்கொன்று தொடர்பற்ற வழித்தோன்றல்களில் ஒரே விளைவு திரும்பத் திரும்பத் தோன்றுதல் வலுவான சான்று என்பதில் எமக்கு ஐயமில்லை. ஐயம் அச்சான்றை மொழிபெயர்த்த முறையில்தான். கூட்டிலுள்ள யாவற்றுக்கும் ஒரே பட்டை. ஆகவே சகோதரன் சகோதரியைப் புணர்கின்றான். ஆகவே உறவு உச்சநிலையில் உள்ளது. ஆகவே கூட்டுறவு பிறந்தது. இத்தொடரில் 'ஆகவே' மூன்று முறை வருகின்றது. மூன்றுக்கும் சமமான தகுதி இல்லை.

முதலாவதை நோக்குவோம். இரு கூடுகள் உள்ளன என்க. ஒன்றில் விரைந்து நகரும் பட்டை மட்டும். மற்றதில் மெல்ல நகரும் பட்டை மட்டும். இரண்டிலிருந்தும் சம எண்ணிக்கையிற் சிலந்திகளை எடுத்து ஒரே குடித்தொகையாகக் கணித்தால், அவற்றுட் பாதி இரு எதிருருக்களையும் ஒருங்கே கொண்ட இதரநுகங்களாக இருத்தல் வேண்டும். காணப்படுவதோ ஒன்றுமில்லை. இக்குறைபாட்டைச் சகோதரப் புணர்ச்சியின் அடையாளமாகக் காட்டுவது எளிது. உண்மையில் அது காட்டுவது கூடுகளிடையே கலப்பில்லை என்பதை மட்டுமே. கூட்டுக்குள்ளே சிலந்திகள் உறவு நோக்காது எழுந்தமானமாகப் புணர்ந்திருப்பினும் விளைவு இதுவேயாகும். வாலுண்ட் 1928இல் சுட்டிக்காட்டிய இவ்விளைவைச் சிலந்தி ஆய்வாளர் அறியாதவரல்லர். கூட்டுக்குட்பட்ட குறைபாட்டையும் கூடுகளிடையிலான பிரிவையும் றைற் வகுத்த வேறு வேறு குணகங்களால் அவர்கள் அளந்தே உள்ளனர். ஆயின் அவர்களை மேற்கோள் காட்டும் பொது நூல்களில் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கூட்டத்துள் எல்லாம் ஒரே எதிருருவாய் நிலைத்துவிட்டபின் அங்கு இதரநுகக் குறைபாட்டைக் கணிக்கவே இயலாது. புணர்ச்சியைப் பற்றிக் கூட்டின் உள்ளிருந்து பேசவேண்டிய சுட்டி அவ்விடத்தில் ஊமையாகிவிடுகிறது.

இங்குச் சிறிது கணக்குப் பார்த்தல் பயனுடையது. முழுச் சகோதரப் புணர்ச்சி தலைமுறைதோறும் தவறாது நிகழுமாயின் உள்விருத்திக் குணகம் முதற் றலைமுறையில் 0.25, அடுத்து 0.375; மூன்றாவதில் 0.5, பத்தாவதில் ஏறத்தாழ 0.89. பத்துத் தலைமுறையில் வேறுபாடு முற்றாக அழிந்தது போன்றதே. மாறாக, 10 ஆண்களும் 90 பெண்களும் கொண்ட மூடிய கூடொன்றை எடுத்துக்கொள்வோம். பாற்சமனின்மையால் அதன் பயனுறு அளவு 36 ஆகச் சுருங்கும். அங்கு எழுந்தமானப் புணர்ச்சி நிகழின் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாட்டில் 72இல் ஒரு பங்கு மட்டுமே இழக்கப்படும். பத்துத் தலைமுறையின் பின்னும் நூற்றுக்கு 87 பங்கு எஞ்சும். இரண்டும் உள்விருத்திதான், ஆனால் ஒரே பொருளன்று. பெரிய கூடுகளில் எல்லாப் பெண்களும் ஈனுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் எண்கள் சற்று மாறும். வேறுபாட்டின் தன்மை மாறாது.

அப்படியாயின் கூடுகளில் வேறுபாடு ஏன் இத்துணைக் குறைந்துள்ளது? விடை கூடு தோன்றும் முறையில் உள்ளது என்பது எமது கருத்து. பெண் சிலந்தி தான் பிறந்த கூட்டிலேயே கருவுற்ற பின்னர்தான் வெளியேறுகிறது. அது தனியே அல்லது சிலரோடு சேர்ந்து புதுக்கூடு அமைக்கிறது. ஒரு பெண்ணும் அவளைச் சேர்ந்த ஓர் ஆணும் மட்டுமே மூலவராயின் அந்த ஒரு நிகழ்ச்சியாலேயே வேறுபாட்டில் காற்பங்கு போய்விடும். கூடுகள் தோன்றுவதும் அழிவதும் விரைவாக நிகழும் இடத்தில் இவ்விழப்பு அடுக்கடுக்காகச் சேரும். 2002இல் யொஹனெசனும் அவருடன் பணியாற்றியோரும் ஆபிரிக்காவின் ஸ்ரெகோடிபஸ் டுமிக்கோலாவின் இழைமணி டி.என்.ஏ.யை ஆராய்ந்து, கூடுகள் ஒற்றைத் தாய்வழியாற் பெருகுவதைக் காட்டியமை இக்கருத்துக்கு அரணாகிறது. அக்கேயரானியா வாவு இங்கும் தனித்து நிற்கிறது. கருவுற்ற பெண்கள் கூட்டமாகவே பெயர்ந்து சென்று புதுக்கூடு நிறுவுவதை லூபினும் றொபின்சனும் 1982இல் விவரித்துள்ளனர். இரு முறைகளையும் 'உள்விருத்தி' என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவது ஆய்வுக்கு நன்மை பயப்பதன்று.

இரண்டாவது 'ஆகவே' உறவின் அளவு பற்றியது. தமிழில் உறவு என்ற சொல் இருவருக்கிடையே நிற்பது. அண்ணன் தம்பி உறவு ஊரார் யாராயிருப்பினும் மாறாது. பிறப்புரிமையியலார் கூறும் உறவளவு அத்தகையதன்று. அது மூவருக்கிடையிலானது: இவர், அவர், ஒப்பிடப்படும் ஊரார். ஊராரைவிட இவ்விருவரும் எவ்வளவு மிகுதியாக ஒத்திருக்கின்றனர் என்பதே அதன் பொருள். முழு இனத்தையும் ஊராராகக் கொண்டால் சமூகச் சிலந்தியின் கூட்டினரிடையே உறவளவு ஒன்றை அண்மிக்கும். அதே கூட்டையே ஊராராகக் கொண்டால் சராசரி உறவளவு பூச்சியமாகும். இரு விடையும் சரியானவை. எதிருரு வேறுபாடே இல்லாத இனத்தில் இவ்வளவைக் கணிக்கவே வழியில்லை. ஆகவே, உறவு இவ்வளவு என்று எண்ணை மட்டும் தந்து ஒப்பீட்டுக் களத்தைக் கூறாத கட்டுரையைக் கண்டால் வாசகர் அங்கேயே நின்று கேட்டல் நன்று. கூட்டுறவுக்குப் பொருத்தமான களம் எது என்பதும் தனி வினாவே. இரைக்கும் இடத்துக்கும் போட்டி கூட்டுக்குள் நிகழ்கிறதா, கூடுகளிடையே நிகழ்கிறதா என்பதைப் பொறுத்தே அது தீரும். அவ்வினாவுக்கு எந்த ஜெல்லும் விடை தராது. காட்டில் நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அளவின் பருமனை வாசகர் உணர ஓர் ஒப்பீடு. எம்மிடையே மச்சான் மச்சாள் முறையில் மணந்தோரின் பிள்ளைக்கு உள்விருத்திக் குணகம் 16இல் 1. ஒரு முறை மட்டும் நிகழும் முழுச் சகோதரப் புணர்ச்சியில் அது 4இல் 1. மானிட வழக்கில் முறை, முறையல்லாதது என்ற பாகுபாடு குணகத்தைக் கொண்டு வகுக்கப்பட்டதன்று என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மாமன் பிள்ளையும் சிற்றப்பன் பிள்ளையும் குணகத்தில் ஒன்றே. ஒருவர் மணத்துக்குரியவர், மற்றவர் உடன்பிறப்பு. 'உறவு' என்னும் சொல்லை இரு துறையிலும் வேறுபாடின்றி வழங்குதல் குழப்பத்துக்கு இடமளிக்கும். அளவிடப்படும் பொருளை 'உறவளவு' என்றும், பிறப்பால் அமைந்த தொடர்பை 'உறவுமுறை' என்றும் பிரித்து வழங்கலாம் என்பது எமது முன்மொழிவு.

பிற்காலத்துச் சுட்டிகள் முன்னையவற்றின் குறையை நீக்கின என்பர். ஓரளவு உண்மையே. ஆயினும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குருட்டுப் புள்ளியை உடையது. அப்புள்ளி நாம் கேட்கும் வினாவின் மீதே வந்து விழுவதுதான் வேடிக்கை. இழைமணி டி.என்.ஏ. தாய்வழி மட்டுமே செல்வது. கூட்டின் தோற்றத்தைத் தெளிவாகக் கூறும் அதுவே தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாது. அயற்கூட்டு ஆண் ஒவ்வோராண்டும் வந்து போயினும் அதன் தடம் அங்குப் பதியாது. வெட்டுத்துண்டுகளின் நீள வேறுபாட்டைப் பார்க்கும் முறை நூற்றுக்கணக்கான பட்டைகளைத் தந்து கூடுகளிடையே பரம்பரையலகுப் பாய்ச்சல் குறைவென்பதைக் காட்ட உதவிற்று. ஆனால் அதில் பட்டை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. இதரநுகத்தையும் ஓரினநுகத்தையும் நேரே பிரித்தறிய முடியாமையால் உள்விருத்தியை அளவிட அதனை நம்புதல் கடினம். மைக்கிரோசற்றலைற் என்னும் சிறு மீள்தொடர்கள் விகாரத்தால் விரைந்து மாறுவன. எனவே ஏனையவை ஊமையாகுமிடத்தும் அவை பேசக்கூடும். அவற்றுக்கும் ஒரு நோயுண்டு. தொடக்கத்துண்டு பொருந்தாத எதிருரு பெருக்கப்படாது மறைந்துவிட, இதரநுகம் ஓரினநுகமாகத் தோன்றும். உள்விருத்தியைத் தேடும் ஆய்வாளருக்கு இதைவிட வஞ்சகமான பிழை வேறில்லை. எதிர்பார்த்த விடையே பிழையின் வடிவத்தில் கிடைத்துவிடுகிறது.

ஒரு பெண் எத்தனை ஆண்களைச் சேர்கிறது என்ற வினாவும் இவ்விடத்தே தடுமாறுகிறது. தந்தையர் இருவரும் பிறப்புரிமையில் ஒன்றாயின் பிள்ளைகளை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தும் தந்தையர் எத்தனை பேர் எனக் கூற இயலாது. ஆகையாற் பல ஆண்களுடன் சேர்ந்த பெண்ணை 'ஓர் ஆணுடன் மட்டும் சேர்ந்தது' எனக் கணக்கிடும் இடர் சமூக இனங்களில் மிகுதி. கண்ணாற் காணும் பழைய முறையே இதிற் கூடுதல் உதவி புரியும்.

புணர்ச்சி முறைக்கு எம்மை மிகவும் நம்பச்செய்யும் சான்று மேற்கூறிய சுட்டிகளிலிருந்து வரவில்லை. நிறமூர்த்தங்களை எண்ணியதால் வந்தது. சிலந்திகளில் ஆணுக்குப் பெண்ணைவிட நிறமூர்த்தம் குறைவு. ஆதலின் முளையத்திலேயே பாலை அறியலாம். அவிலேஸ், மடிசன் ஆகியோர் 1991இல் அனெலோசிமஸ் இனங்களின் முளையங்களை இவ்வாறு எண்ணி, சமூக இனங்களில் ஆண் முளையங்கள் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே எனக் கண்டனர். ஆண்கள் பின்னர் இறந்தொழிவதால் நேர்ந்த குறைவன்று இது. ஆணின் ஒடுக்கற்பிரிவில் இருவகை விந்தும் சம எண்ணிக்கையில் உண்டாவதையும் அவர்கள் கண்டமையால் சாய்வு அதற்குப் பின்னரே நேர்கின்றது எனல் வேண்டும். இதன் பொருள் யாது? ஆண்கள் கூட்டைவிட்டு வெளியே சென்று அடிக்கடி புணரக்கூடுமாயின், ஆண்களை மிகுதியாக ஈனும் தாய் ஏனையோரைவிடப் பேரப்பிள்ளைகளை மிகுதியாகப் பெறுவாள். சாய்வு நாளடைவில் அழியும். 1967இல் ஹமில்ற்றன் பாற்சமனின்மை பற்றி எழுதியதன் சாரம் அதுவே. சாய்வு அழியாது நிற்பது, கூடுகள் நெடுங்காலம் மூடியே இருந்தன என்பதற்கு நேரிற் கண்டதற்கு ஒப்பான சாட்சி. ஒரே கூட்டிற் பல தாய்மார் உள்ளபோதும் சாய்வு நிலைபெறக் கூடுகளிடையிலான தேர்வும் துணைநின்றிருக்கலாம் என 1986இலேயே அவிலேஸ் வாதித்தார். அவ்வாதம் அன்று பலருக்கு உவப்பானதாய் இருக்கவில்லை. இன்றும் அதைப் புறக்கணிக்க நாம் காரணம் காணவில்லை.

முழு மரபுத்தொகுதியையும் அதன் பல்லாயிரம் புள்ளிகளையும் வாசிக்கும் இக்காலத்து முறைகள் பழைய ஜெல்களைப் பொய்யாக்கவில்லை என்பது கருதத்தக்கது. 2014இல் செற்றெபானி, பெக்ஸ்கார்ட், பில்டே ஆகியோர் சரசினோரத்தில் வேறுபாடு குறைவென்றும், குடித்தொகைகளிடையே பிரிவு கடுமையானதாயினும் ஆழமற்றதென்றும் காட்டினர். இந்த 'ஆழமின்மை' எமக்கு முக்கியமாகப் படுகின்றது. கூடுகள் யுகயுகமாய்த் தனித்தனியே நின்றிருப்பின் பிரிவு ஆழமாயிருக்கும். அவை தோன்றியும் அழிந்தும் ஒரு வழித்தோன்றலே பரந்த நிலப்பரப்பை மீண்டும் மீண்டும் நிரப்புவதாற்றான் பிரிவு கடுமையாயும் இளமையாயும் உள்ளது. 2017இல் இக்குழுவினரும் பிறரும் ஸ்ரெகோடிபஸ் சாதியின் மூன்று சமூக இனங்களையும் அவற்றின் தனிவாழ் உறவினங்களையும் ஒப்பிட்டு, குடித்தொகை மட்டத்திலும் இன மட்டத்திலும் சமூக இனங்களின் வேறுபாடு வறண்டுள்ளதை நிறுவினர். இத்தரவுகளை எவரும் மீண்டும் எடுத்துக் கணிக்கத்தக்கதாய் அவை பொதுக் களஞ்சியங்களில் உள்ளமையைச் சிறிய செய்தியாக எண்ணலாகாது. சமூகச் சிலந்திகளின் நடத்தை பற்றிய கட்டுரைகள் பல, தரவுகளிற் காணப்பட்ட ஒழுங்கீனங்களால் 2020 முதல் மீளப்பெறப்பட்டன என்பதை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

இவ்விடத்தில் 'கூர்ப்பின் முட்டுச்சந்து' என்னும் உருவகத்தைப் பற்றி ஒரு சொல். 2006இல் அக்னர்சன் முதலியோர் தெரிடியிடே குடும்பத்தின் வழிமரத்தை ஆராய்ந்து, சமூக வாழ்வு பன்முறை தோன்றியும் எங்கும் கிளைத்துப் பெருகவில்லை என்றனர். சமூக இனங்கள் மரத்தின் நுனிகளிலேயே நிற்கின்றன. மறு ஆண்டில் ஸ்ரெகோடிபஸ் பற்றி வெளிவந்த ஆய்வும் மூன்று சமூக இனங்களும் தனித்தனியே தோன்றியவை என்றது. தரவு வலிது. ஆயினும் நுனியில் நிற்பது இரு காரணங்களால் நேரலாம்: தோன்றியவை விரைவில் அழிந்திருக்கலாம், அல்லது இப்போதுள்ளவை அண்மையில்தான் தோன்றியிருக்கலாம். வழிமரம் மட்டும் இவற்றைப் பிரித்துக் காட்டாது. வறண்ட வேறுபாட்டைக் காட்டிய 2017ஆம் ஆண்டு ஆய்வே முதற் காரணத்துக்கு ஒரு பொறிமுறையைத் தந்தது. இந்த ஒழுங்கை மறந்து உருவகத்தை மட்டும் எடுத்தாள்வது மேடைப் பேச்சுக்குத் தகும்.

மூன்றாவது 'ஆகவே' எஞ்சியுள்ளது. உயர்ந்த உறவளவு கூட்டுறவைப் பிறப்பித்ததா? அவுஸ்திரேலியாவில் யூக்கலிப்ரஸ் இலைகளைப் பிணைத்துக் கூடமைக்கும் டையியா எர்கன்ட்ரோஸ் என்னும் நண்டுச் சிலந்தியை எவன்சும் குட்இஸ்மனும் 2002இல் ஆராய்ந்தனர். கூட்டினரின் உறவளவு அரைக்குச் சற்றுக் குறைவு, உள்விருத்தி இல்லை. வெளியார் சிலரும் கூட்டில் ஏற்கப்படுகின்றனர். அதே நாட்டின் டெலினா கன்சரைடிஸ் என்னும் மரப்பட்டைச் சிலந்தியும் உள்விருத்தியின்றியே கூடி வாழ்வது. எனவே கூடி வாழ்தற்குச் சாதாரண உடன்பிறப்பு உறவே போதும், உள்விருத்தி முன்நிபந்தனையன்று. தாயின் கூட்டிலேயே பிள்ளைகள் தங்கி, பரவுதலைத் தவிர்த்த பின்னரே அது வந்து சேர்ந்தது எனக் கொள்வது பொருத்தம். காரணம் என எண்ணப்பட்டது பெரும்பாலும் விளைவே.

உறவு கூட்டுறவுக்கு உதவுகிறதா என்பதை நேரிற் சோதித்த ஆய்வு ஒன்றுண்டு. அது சமூக இனத்திற் செய்யப்பட்டதன்று என்பது குறிக்கத்தக்கது. ஷ்னைடரும் பில்டேயும் 2008இல் ஸ்ரெகோடிபஸ் லினியாற்றஸ் என்னும் தனிவாழ் இனத்தின் குஞ்சுகளைக் கூடு மாற்றி வளர்த்து, உடன்பிறந்தோர், உடன்வளர்ந்த அந்நியர், முற்றிலும் அந்நியர் எனக் குழுக்களாக்கி உணவளித்தனர். சிலந்தி இரையினுட் செரிப்புச் சாற்றைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சுவது. பலர் ஓரிரையை உண்ணுமிடத்துச் சாற்றைச் செலுத்தாது பிறர் கரைத்ததை உறிஞ்சுவது ஆதாயம். உடன்பிறந்தோர் குழுக்கள் இரையிலிருந்து கூடுதலாகப் பெற்று நன்கு வளர்ந்தன. ஒன்றாய் வளர்ந்த பழக்கம் மட்டும் அப்பயனைத் தரவில்லை. இங்கு உறவளவு ஜெல்லிலிருந்து ஊகிக்கப்பட்டதன்று. எந்தத் தாயின் முட்டைப்பையிலிருந்து வந்தது என்பது முன்கூட்டியே அறியப்பட்டது. யாவும் ஒன்றாய்விட்ட டுமிக்கோலாவின் கூட்டில் இச்சோதனையை இவ்வடிவிற் செய்ய இயலாது. அங்கு அந்நியரைப் பெறுவதற்கு நெடுந்தொலைவுக் குடித்தொகையொன்றுக்குச் செல்லல் வேண்டும். அவ்வாறு கொணர்ந்த சிலந்திகள் உறவால் மட்டுமன்றி இடத்தாலும் வேறுபட்டிருக்கும்.